பிரித்துப் போட்ட மண்டபம்

என் அக்கா மகள் இன்டர்வியூவுக்குப் போகிறாளாம். சுங்கைப்பட்டாணியில் ஒரு கட்டுமானக் குத்தகையாளரிடம், கட்டடத்துக்கு ஆகும் செலவை மதிப்பிடும் எஸ்டிமேட்டர் வேலை. கைப்பேசியை என் மூக்குக்கு நேரே நீட்டினாள். "மாமா, இந்த வேலைக்கு என்னென்ன வேணும்னு போட்டிருக்கான், பாருங்கலா." கணக்கறிவு, பொறுமை, எல்லாரோடும் ஒத்துப்போகும் குணம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒத்துப்போகிறவன் உருப்படியாக ஒரு மதிப்பீடு போட்டு நான் பார்த்ததில்லை. பொறுமை? என் வீட்டில் கேட்டுப் பாருங்கள், சிரிப்பார்கள்.

நானும் அந்த வேலையில் இருந்தவன்தான். என் முதலாளி காரைவிட்டு இறங்காமலே கட்டடத்துக்குச் செலவு சொல்லிவிடுவார். ஏர்கோனும் அத்தரும் கலந்த அந்தக் கார் வாசனை இப்போது எங்காவது அடித்தாலும் மூக்கைப் பொத்திக்கொள்வேன். புக்கிட் செலம்பாவ் பக்கம் ஓர் எஸ்டேட் கோயில் மண்டபத்தையும் அப்படித்தான் பார்த்தார். பழைய தகர மண்டபத்தைப் பிரித்துவிட்டுப் புதிதாகக் கட்ட வேண்டும். மறுநாள் நான் மோட்டார் சைக்கிளில் தனியாகப் போய்ப் பார்த்தேன். வழியில் ஒரு மரப்பாலம். லோரி ஏறினால் ஓடைக்குள்தான். சின்ன வண்டியில் மாற்றி ஏற்றும் செலவையும் சேர்த்து எழுதினேன். முதலாளி அதை அடித்துவிட்டார்.

"கூடப் போட்டா வேலை அடுத்தவனுக்குப் போயிடும்லா. நம்ம ஆளுங்கதானே, சமாளிச்சுக்குவாங்க."

"லோரி போகாது பாஸ்."

"உன்னை வாயாடவா வச்சிருக்கேன்?"

வேலை எங்களுக்கே கிடைத்தது. கோயில் கமிட்டியில் இருந்த லெட்சுமி அக்காவுக்குத் தை மாதம் மகள் கல்யாணத்தைப் புது மண்டபத்தில் நடத்த ஆசை. ஆடி பிறந்துவிட்டால் கை வைக்கக் கூடாதென்று, பூசாரி குறித்த நாளில், தொழிலாளர் குடியிருந்த லயமே கூடிப் பழைய மண்டபத்தைப் பிரித்துப் போட்டது. ஒரு செங்கல்கூட வந்து சேரவில்லை! "கொஞ்சம் பொறுங்கக்கா" என்று அதற்கு முன்பே கெஞ்சியிருந்தேன். "நல்ல நாள் போயிடும் தம்பி" என்றார்.

லோரி வந்தது. பாலத்துக்கு இந்தப் பக்கமே மணலைக் கொட்டிவிட்டுத் திரும்பியது. "நீங்களே தூக்கிக்குங்க" என்றார் முதலாளி போனில். பால்மரம் வெட்டி, ரப்பர் பால் எடுத்து முடித்த கையோடு பெண்கள் வாளியில் மணல் சுமந்தார்கள். மழை வந்து மிச்சத்தை ஓடையில் சேர்த்தது. அந்தப் பாவி முதலாளி அத்தோடு மண்டபத்தைக் கைகழுவினான். நான் வாய்க்கு வந்தபடி திட்டிவிட்டு வேலையை விட்டேன்.

கல்யாணம் டவுனில் வாடகை மண்டபத்தில் நடந்தது. முன்வரிசையில் அந்த முதலாளிக்கு மாலை! குளிர்பானம் அன்பளிப்பு செய்தாராம். நான் சாப்பிடாமலே எழுந்து வந்துவிட்டேன்.

பிறகு எஸ்டேட் கைமாறி, லயத்தை இடித்து, எண்ணெய் எடுக்கும் செம்பனை நட்டுவிட்டார்கள். லெட்சுமி அக்கா இப்போது அடுக்குமாடி வீட்டில் இருக்கிறார். போன வாரம் பார்த்தேன்.

"மண்டபத்த நாங்கதான் கெடுத்தோம் தம்பி. பிரிச்ச நாள் சரியில்ல."

"நாள் மேல ஒரு தப்பும் இல்லக்கா!" என்று கத்தியே விட்டேன். பக்கத்து வீட்டுக் கதவு திறந்தது. அக்கா சும்மா தலையாட்டினார். நம்பவில்லை. அவர் அம்மாவுக்கும் அவருக்கும் தாலி கட்டிய அந்தப் பழைய மண்டபம் போனதற்கு இன்னும் தன்னையே திட்டிக்கொண்டிருக்கிறார்.