வாய் திறக்காத ஏஜென்ட்

ஆஸ்பத்திரியின் கம்ப்யூட்டர் பிரிவில் அவளைப் பெரியம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். வயது இன்னும் நாற்பதைத் தொடவில்லை. ஆனாலும் பழைய சர்வரிலிருந்த ஏஜென்ட்களைப் புதியதற்கு மாற்றும்போது அவள் அடித்த கூத்துக்கு அந்தப் பெயர் பொருத்தம்தான். ஏஜென்ட் என்றால் ஆளில்லை. சர்வரில் இருந்தபடியே கருவிகளைக் கவனித்துக்கொள்ளும் சின்ன மென்பொருள், கருவிக்கு ஒன்று. மாற்றிய ஏஜென்ட் புது இடத்திலிருந்து ஒரு வார்த்தை பேசும்வரை பெரியம்மாவுக்குச் சோறு இறங்காது. பேசிவிட்டால், "வந்துட்டியா ராசா!" என்பாள் திரையைப் பார்த்து. வெட்கமே கிடையாது.

வீட்டிலும் இதே கதைதான். மகள் பள்ளிக்கூடம் போய்ச் சேர்ந்தாளா என்று தினமும் போன் போடுவாள். "நான் போய்ச் சேர்ந்தேனான்னு ஒரு நாளாவது கேட்டிருக்கியா?" என்று கணவர் குறைபட்டுக்கொள்வார்.

அன்று எல்லா ஏஜென்ட்டும் பேசிவிட்டன, தடுப்பூசி ஃப்ரிட்ஜுடையதைத் தவிர. குளிர் குறைந்தால் மட்டுமே வாய் திறக்கும் பிறவி அது.

"பழசை அணைச்சிரலாமா பெரியம்மா? சாயங்காலத்துக்குள்ள ரூமைக் காலி பண்ணணும்" என்றார் மேனேஜர்.

"ஃப்ரிட்ஜ் இன்னும் பேசலையே சார்."

"பேசலைன்னா நல்லா இருக்குன்னுதானே அர்த்தம்?"

"காது கேக்கலைன்னாலும் பேசாது சார்."

ஃப்ரிட்ஜ் பழுதாகி, இது சும்மா இருந்துவிட்டால், கெட்டுப்போன மருந்தையல்லவா பச்சைக் குழந்தைகளுக்குப் போடுவார்கள்? பெரியம்மா குழந்தைகள் வார்டு நர்ஸுக்குப் போன் போட்டாள்.

"சிஸ்டர், ஃப்ரிட்ஜுக்குள்ள தொங்குற சென்சாரை மட்டும் வெளிய எடுத்து, கதவை மூடிட்டு, அதை உள்ளங்கையில பொத்திப் பிடிங்க."

"அதுக்கென்ன, காய்ச்சலா?" என்று கேட்டபடியே நர்ஸ் பிடித்துக்கொண்டாள்.

அலாரம் அடித்தது. பழைய சர்வரில். புதியது கல்லுப்பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருந்தது. சென்சார் இன்னும் பழைய முகவரிக்கே சேதி அனுப்பிக்கொண்டிருந்தது. மேனேஜர் பழைய சர்வரின் சுவிட்சிலிருந்து மெல்லக் கையை எடுத்தார்.

பெரியம்மா முகவரியை மாற்றினாள். "சிஸ்டர், இன்னொரு தடவை."

"மறுபடியுமா மேடம்? சரி, பிடிச்சிருக்கேன்."

கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு அறையே அதிரக் கத்தியது புது சர்வர்.

"ஐயோ, என்ன சத்தம் அங்க? மருந்து கெட்டுப்போச்சா?" என்று பதறினாள் நர்ஸ்.

"இல்ல சிஸ்டர்," என்றாள் பெரியம்மா, கண்ணைத் துடைத்துக்கொண்டே. "உங்க கைச்சூடு இங்க வந்து சேர்ந்துருச்சு."