மாமிக்கும் எனக்கும் ஒரே மாத்திரை

இன்னைக்கு மாமியோட, அதான் என் புருஷனோட அம்மாவோட, யட்டியாந்தோட்டை டவுன் பார்மசிக்குப் போய் எனக்கு மெட்ஃபோமின் வாங்கினேன்.

மாத்திரையப் பார்த்ததும் மாமி கண்ணு கலங்கிட்டாங்க. "இது நான் குடிக்கிற சீனி மாத்திரையாச்சே! உள்ளங்கையில சீனிய வச்சு நக்கிக்கிட்டு தேயிலைச் சாயத்தண்ணி குடிக்க நான்தானே ஒன்னைய பழக்கினேன்!"

எனக்குச் சீனி வருத்தம் இல்லன்னு சொன்னேன், மாமி நம்பல.

பார்மசி மிஸ்தான் சிங்களத்துல விளக்கினாங்க. இந்த மாத்திரை ஈரல் விடுற சீனியக் குறைக்குமாம், இன்சுலின் சொல்றத உடம்பு கேக்க வைக்குமாம். அதனால சூலகத்துல நீர்க்கட்டி இருந்து மாதவிடாய் தள்ளிப்போற என்னை மாதிரி ஆளுங்களுக்கும் டாக்டர்மார் எழுதுறாங்களாம். வேற எதுக்கெல்லாம் உதவும்னு இன்னும் ஆராய்ச்சி நடக்குதாம்.

"அப்ப புள்ள உண்டாகவும் உதவுமா?" மாமி மெதுவா கேட்டாங்க.

"சில பேருக்கு உதவும்"னாங்க மிஸ்.

எங்க தோட்டத்து லய வீடுகள்ல யாராவது "இன்னும் விசேஷம் இல்லையா"ன்னு என்னைக் கேட்டா, முந்திக்கிட்டு வாயடைக்கிறவங்க மாமி. அவங்க என்கிட்ட ஒரு நாளும் கேட்டதில்ல.

வீட்டுக்கு வந்ததும் சீனி டின்னத் தூக்கி பக்கத்து வீட்டுக்குக் குடுத்துட்டாங்க. "இனி ரெண்டு பேருக்கும் வேணாம்."

கிளினிக்ல எவ்வளவு சொல்லியும் சீனிய விடாத மனுஷி!

சீனியில்லாத சாயத்தண்ணிய மொகம் சுளிக்காம குடிக்க வழி தெரிஞ்சவங்க சீக்கிரம் சொல்லுங்க. மாமி எதிர்லயே உக்காந்து என் மொகத்தத்தான் பாக்குறாங்க.