கரண்டு போனால் கதவு என்ன செய்யும்?

கார்டைக் காட்டினால் திறக்கிற கதவுக்குப் பேட்டரி மாட்டுவது இருக்கிறதே, கரண்டு இருக்கிறவரை யாரும் நம்மை நினைக்காத பிழைப்பு அது. போய்விட்டதோ, ஊரே நம் பெயரைத்தான் சொல்லும். தொண்ணூறுகளின் கடைசியில் திருநெல்வேலி ஜங்ஷனில் ஒரு இன்வெர்ட்டர் கடையில் வேலை பார்த்தபோது நான் பட்ட பாட்டை, ஸ்டெபிலைசரோ மிக்சியோ ரிப்பேர் பார்த்து வாங்கிக் கட்டிக்கொள்கிற உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்ல?

முதல் கேள்வி

பாளையங்கோட்டையில் ஒரு வக்கீல் ஐயா. சிங்கப்பூரில் இருக்கிற மகன் லீவுக்கு வரும்போது இரண்டு காந்தப் பூட்டும் ஒரு கட்டுக் கார்டும் கொண்டுவந்து இறக்கிவிட்டான். ஒன்று ஆபீஸ் வாசலுக்கு. இன்னொன்று கட்சிக்காரர்களின் மூலப்பத்திரங்கள் இருக்கிற அறைக்கு. கரண்டு இருந்தால் காந்தம் கதவைப் பிடித்துக்கொள்ளும், போனால் விட்டுவிடும். அந்த நேரத்தில் பிடித்துக்கொள்ளத்தான் பேட்டரி, அதற்குத்தான் நான்.

எல்லோரிடமும் கேட்கிற முதல் கேள்வியை அவரிடமும் கேட்டேன்: பேட்டரியும் தீர்ந்துபோனால் கதவு திறக்க வேண்டுமா, பூட்டிக்கொள்ள வேண்டுமா? அதற்கேற்ற பூட்டு வேறு வேறு. ஐயா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வாய்தா வாங்கப் போகிறார் என்று நினைத்தேன். இல்லை, தீர்ப்பே சொல்லிவிட்டார்.

“எனக்குத் தொறக்கணும் வே. மத்தவனுக்குப் பூட்டிக்கிடணும்.”

எட்டு மணி நேரம்

அந்த ஆபீசுக்கு வாட்ச்மேன் இசக்கிமுத்து அண்ணாச்சி. முக்கூடலிலிருந்து தினமும் முதல் பஸ்ஸில் வந்துவிடுவார். மகள் நர்ஸ் படிப்பில் கடைசி வருஷம். கதவு மூன்று மாதம் ஒழுங்காக ஓடிவிட்டால் அப்புறம் நீ வரவேண்டாம் என்று ஐயா அவரிடம் சொல்லியாயிற்று. அது தெரிந்தும் மனுஷன் எனக்கு ஏணி பிடித்தார், டீ வாங்கிக் கொடுத்தார்.

இந்தப் பேட்டரி எவ்வளவு நேரம் தாங்கும் என்று கேட்டார். எட்டு மணி நேரம் என்றேன், கொஞ்சம் பெருமையாகவே. அண்ணாச்சி அதைப் பைய ஒரு தட்டுத் தட்டிப் பார்த்தார்.

“நான் பன்னெண்டு மணி நேரம் நிக்கேன் தம்பி. நடுவுல ஒரு காப்பி குடிக்கப் போவேன், அவ்வளவுதான்.”

ஸ்டூல்

மாதத்தில் ஒரு நாள் பராமரிப்பு என்று காலை ஒன்பதிலிருந்து மாலை ஐந்து வரை கரண்டை நிறுத்துவார்களே, அந்த நாள் வந்தது. மத்தியானம் ஐயா கோர்ட்டிலிருந்து வந்து பார்த்தால் இரண்டு கதவும் காற்றுக்கு ஆடுகின்றன. போனிலேயே என்னைக் குறுக்கு விசாரணை பண்ணிவிட்டார். பேட்டரியைக் கடைக்குக் கொண்டுபோய் இரண்டு பூட்டையும் மாட்டி ஓட்டினேன். எட்டு மணி நேரம் கல்லாட்டம் நின்றது. திரும்ப மாட்டினேன். அடுத்த மாதமும் பன்னிரண்டு மணிக்கே கதவு கையை விரித்துவிட்டது.

எனக்கு முன்கோபம் ஜாஸ்தி. கதவு கெட்டால் யாருக்கு லாபம் என்று கணக்குப் போட்டேன். ஒரே ஆள்தான் தேறினார். நேரே போய், ஒயரை எதுவும் பிடுங்கிவிட்டீர்களா அண்ணாச்சி என்று கேட்டேவிட்டேன். அவர் கோபப்படவில்லை. பத்திர அறை வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் சாப்பாட்டுத் தூக்கு, திறக்கவே இல்லை. மணி நாலு.

“எம் வேலையைப் பிடுங்குத சாமானுக்கு நாந்தான் காவல் இருக்கேன். போன மாசமும் இப்படித்தான் உக்காந்திருந்தேன். ஒரு தாளு கொறஞ்சிருக்கான்னு எண்ணிப் பாரும்.”

நெல்லையப்பர் வெளிச்சம்

வெட்கமாகப் போய்விட்டது. பேட்டரியிலிருந்து போகிற ஒவ்வொரு ஒயரையும் தடவிக்கொண்டே போனேன். ஒன்று மட்டும் பூட்டுக்குப் போகாமல் சுவரேறி, ஐயாவின் நாற்காலிக்கு மேலே மாட்டியிருந்த நெல்லையப்பர் படத்துக்குப் பின்னால் போனது. பஸ்ஸில் டிரைவர் தலைக்கு மேலே சாமி படத்தைச் சுற்றிப் போடுவார்களே, அந்தச் சிவப்பு பல்பு மாலை! பேட்டரியைக் குடித்துத் தீர்த்துவிட்டு, கதவைப் பிடிக்கப் போதாத மிச்சத்தில் இன்னும் மினுக் மினுக்கென்று எரிந்துகொண்டிருக்கிறது. பஸ்ஸுக்கு ஒயரிங் பார்க்கிற ஆளைப் பிடித்து ஐயாதான் போடச் சொல்லியிருக்கிறார். கோர்ட்டிலிருந்து வந்தவரிடம் கேட்டால், பேட்டரி வந்த பிறகும் நெல்லையப்பர் இருட்டில் இருக்கலாமா என்று என்னையே திருப்பிக் கேட்டார்.

விளக்கு எரிந்தால் கதவு மூன்று மணி நேரத்துக்கு மேல் நிற்காது என்றேன். விளக்கை எடுக்க வேண்டும், அல்லது இன்னொரு பேட்டரி வைக்க வேண்டும். இரண்டும் முடியாதென்றால் பக்கத்தில் ஓர் ஆள் இருந்தாக வேண்டும், கரண்டு என்றைக்குப் போகும் என்று யாருக்குத் தெரியும், அதனால் தினமும் இருக்க வேண்டும் என்றும் சேர்த்துச் சொன்னேன். அண்ணாச்சி ஸ்டூலிலிருந்து எழுந்து நின்றுவிட்டார். ஐயா படத்தைப் பார்த்தார், பேட்டரியைப் பார்த்தார், கடைசியாக அவரைப் பார்த்தார்.

“சாமிக்கு வெளக்கு அணையப்படாது. இன்னொரு பேட்டரிக்கு இங்கன எடம் கெடையாது. இசக்கி இருக்கட்டும்.”

பல்பைப் பிடுங்கிவிட்டு கரண்டு போகிற நேரத்துக்கு ஓர் அகல்விளக்கு ஏற்றினால் போதும் என்பது அந்த நிமிஷமே எனக்குத் தோன்றியது, ஆனால் கரண்டு பார்க்கிறவனுக்கு எண்ணெய் விளக்கு விவகாரத்தில் என்ன வேலை என்று இன்றுவரை வாயைத் திறக்கவில்லை.