ஒற்றை வாசல் அரண்மனை

ஜமீன் வாரிசு என்பதெல்லாம் சொல்லிக்கொள்ளத்தான்; ஜெயபாண்டி திருமங்கலத்தில் மினி பஸ் ஓட்டிப் பிழைக்கிறவன். தாத்தாவின் அரண்மனைக்காக அவன் அப்பாவும் அத்தையும் சாகும்வரை வழக்காடினார்கள். கடைசியில் கோர்ட்டு அதை நடுவே பிரித்து, பாதியை அவனுக்கும் பாதியை அத்தை மகள் நாகஜோதிக்கும் கொடுத்தது. உள்ளே சுவர் எழுப்பியாயிற்று. வாசல் மட்டும் ஒன்றுதான். யானை நுழைகிற கதவு. அதன் குறுக்குக் கட்டையை ஒற்றை ஆளாகத் தூக்கி மாட்ட முடியாது.

கே.கே. நகர் கிளினிக்கில் நர்ஸ் வேலை முடிந்து நாகஜோதி வரும்வரை ஜெயபாண்டி படியில் உட்கார்ந்திருப்பான். வந்ததும் "தூக்குங்க" என்பாள். தூக்குவான். பேச்சு அவ்வளவுதான்.

"ஆளுக்கொரு வாசல் வச்சா என்னடா?" என்று ஊரே கேட்டது.

"ஆசாரி கெடைக்கலண்ணே" என்று எல்லோரிடமும் ஒரே பதிலைச் சொல்லிச் சமாளித்தான்.

இந்தத் தை மாதம் மதுரை ஹோட்டல்காரர் ஒருவர் அரண்மனையை விலைக்குக் கேட்டு வந்தார். இருவரும் விற்கச் சம்மதித்துத்தான் வாசலில் நின்றார்கள். கதவைத் தட்டிப் பார்த்தவர் நாகஜோதியிடம் திரும்பினார்.

"இம்புட்டு வருசமா ஏம்மா ஒரே வாசல்? உன் பக்கம் தனியா ஒண்ணு வச்சிருக்கலாமே?"

"ஆசாரி கெடைக்கலண்ணே" என்றாள் அவள், கட்டையைப் பார்த்துக்கொண்டு.

ஜெயபாண்டி சட்டென்று அவளைப் பார்த்தான். எதிர்வீட்டில் உளி தீட்டிக்கொண்டிருந்த ஆசாரியும் நிமிர்ந்து பார்த்தார்.

ஹோட்டல்காரர் வெறுங்கையோடு போனார். மறுவாரம் ஜெயபாண்டியே தெருவைக் கடந்து ஆசாரியிடம் போனான்.

"என்ன மாப்ள, வாசல் வைக்கணுமா?"

"இல்லண்ணே. ஒரு கட்டில் செய்யணும்."