வாசித்துக் காட்டியதில் வந்த பேச்சு

என் கணவர் ஆட்டோ ஓட்டுகிறவர். கால் முறிந்து வீட்டில் கிடந்த மாதங்களில் பொழுது போகாமல் என்னைப் படுத்தி எடுத்தார். ஆழ்வார்குறிச்சி கிளை நூலகத்தில் ஒரு நாவலை எடுத்து வந்து அவருக்கு வாசித்துக் காட்டினேன். பள்ளிக்கூடத்தோடு வாசிப்பை விட்டவள் நான். எங்கும் நிறுத்தாமல் வாசித்துக்கொண்டே ஓடினேன்.

“ஏட்டி, பைய வாசி. இப்பம் வந்தவ யாரு? எதுக்கு அழுதா?” என்பார்.

திரும்பப் போய் நிறுத்தி வாசிப்பேன். முக்கியமான இடத்தில் குரலைத் தாழ்த்தினால்தான் அவர் தலையைத் தூக்கிக் கேட்கிறார் என்று புரிந்தது. அவர் மறுபடி ஆட்டோ எடுத்த பிறகும் நான் புத்தகத்தை விடவில்லை.

நான் வேலை பார்ப்பது அம்பாசமுத்திரத்தில் ஒரு ஜவுளிக்கடையில். கடை அடைக்கிற நேரத்தையொட்டி வந்த பஸ்ஸைத் திடீரென்று நிறுத்திவிட்டார்கள். கடைப் பெண்கள் டிப்போவுக்குப் போய்ச் சத்தம் போட்டார்கள். “கலெக்‌ஷன் இல்லம்மா” என்று மேலாளர் கையை விரித்துவிட்டார். அடுத்த முறை, புத்தகம் வாசிக்கிறவள் என்று என்னை முன்னே தள்ளினார்கள். அதிகாரிகளைக் கண்டால் நாக்கு ஒட்டிக்கொள்ளும் எனக்கு.

நாவலில் யாரும் ஊர்ப் பிரச்சினையிலிருந்து தொடங்குவதில்லை. ஓர் ஆளைத்தான் முதலில் கொண்டுவந்து நிறுத்துகிறார்கள். நானும் பஸ்ஸைப் பற்றிப் பேசவில்லை.

“சார், எங்ககூட வேலை பாக்குத ஒரு பிள்ளையப் பத்திச் சொல்லுதேன்.”

அவளிடம் கேட்டுக்கொண்டுதான் சொன்னேன். கைக்குழந்தையைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு வருகிறவள். அடுத்த பஸ்ஸுக்குக் காத்து நிற்கையில் பால் கட்டி, சேலை நனைந்து, சுவர்ப்பக்கமாகத் திரும்பி நிற்பாள். அங்கே நிறுத்தினேன். மேலாளர் பேனாவைக் கீழே வைத்தார்.

“குழந்தை?”

“அழுதுட்டுக் கிடக்கும் சார்.” குரலைத் தாழ்த்தியே தொடர்ந்தேன். “கலெக்‌ஷன் இல்லங்குதியளே, நாங்க கடையடைச்சு ஓடி வாரதுக்குள்ள பாதி நாளு பஸ் கிளம்பிரும். கொஞ்சம் பிந்தி எடுத்துப் பாருங்க. எங்க கடை மட்டுமில்ல, அந்தத் தெருவே ஏறும்.”

அவர் பேனாவை மறுபடி எடுத்தார். “ஒரு மாசம் விட்டுப் பாக்கேன். கூட்டம் இல்லன்னா நிறுத்திருவேன்.”

வெளியே வந்ததும் பெண்கள் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள்.

முதல் நாளே பாத்திரக்கடை, மருந்துக்கடைப் பெண்களும் ஏறிக்கொண்டார்கள். கண்டக்டர் உள்ளே நுழைய முடியாமல் திணறினார். கைக்குழந்தைக்காரியை ஜன்னலோரம் உட்கார வைத்தோம். மாதம் முடிந்தும் பஸ் நிற்கவில்லை, இன்றும் ஓடுகிறது. எனக்கு அதில் உட்கார இடமே கிடைப்பதில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு ராணி மாதிரி நின்று வருகிறேன்.