பிராம் பிடித்த கை

டக்கார் நகரத்து ஆஸ்பத்திரி ஒன்றில் தோள் ஆபரேஷன் என்றால் முதலில் பிராம் ங்கோமைத்தான் தேடுவார்கள். மயக்கத்தில் கிடப்பவரின் கையை இழுத்துப் பிடித்து, மூட்டுக்குள் இடம் உண்டாக்குவது அவன் வேலை. அதற்கென்று வாங்கிய இயந்திரம் வந்த வருஷமே படுத்துவிட்டது. பிராம் இன்னும் படுக்கவில்லை.

ஒரு காலத்தில் அவன் மல்யுத்தக்காரன். தோள் நழுவ ஆரம்பித்ததும் அந்தப் பிழைப்பு போயிற்று. அங்கியைத் தலைவழியாகப் போட்டாலே கை கழன்றுகொள்ளும். மனைவி யாந்தேதான் உடுத்திவிடுவாள், கழற்றிவிடுவாள். அந்தத் தோளை ஆபரேஷன் செய்து சரியாக்கி, பிறகு இந்த வேலையையும் வாங்கிக் கொடுத்தவர் டாக்டரம்மா ஸேனபு கான்.

அவருக்கு ஒழுங்காக ஒரு நன்றி சொல்ல பிராமுக்குக் கொடுத்துவைக்கவில்லை. அவன் செரர், அவர் துக்குலேர். இந்த இரண்டு இனத்தாரும் சந்தித்தால் "நீ என் அடிமை" என்று கேலியாக வம்பிழுப்பதுதான் பரம்பரை முறை. கோபமும் கூடாது, உருக்கமும் எடுபடாது. அவன் நன்றி என்று வாயெடுத்தாலே, "அடிமைக்குப் பசி வந்திருச்சு, யாராவது சோறு போடுங்க" என்பார் டாக்டர்.

அன்று மேசையில் கிடந்தவன் கானா என்ற இளம் மல்யுத்தக்காரன். தாயத்துகளை மறு கைக்கு மாற்றிக் கட்டிய பிறகுதான் மயக்க ஊசிக்கே சம்மதித்தான். பிய்ந்த சவ்வை, நூல் கோத்த குட்டி ஆணிகளால் தோள்குழியின் விளிம்பு எலும்போடு கட்ட வேண்டும். எல்லாவற்றுக்கும் அடியில் போடும் முதல் ஆணிதான் தகராறு செய்தது. துளைக்கருவி வழுக்கி, ஆணி குருத்தெலும்பின்மேல் பாதி ஏறி நின்றது.

"பிடிப்பு இருக்கு டாக்டர், விட்டுடலாமே" என்றார் உதவி டாக்டர்.

"தலை துருத்திட்டு இருக்கு. கையைத் தூக்குறப்பெல்லாம் உள்ளே அராவும். எடுத்துடறேன்."

எடுத்துவிட்டு, இன்னும் கீழே புதிதாக ஒரு துளை போட்டார். அங்கிருந்துதான் கருவி விளிம்பில் சரியான சாய்வில் நிற்கும். எலும்பு அங்கே மெல்லிசு. கை அசைந்தால் மறுபடி வழுக்கும், இல்லையென்றால் பின்பக்கம் குத்திக்கொண்டு போகும். பிராம் கையை இன்னும் வலுவாக இழுத்துப் பிடித்தான். அவன் தோள் தீயாய் எரிந்தது. இந்த நேரம் பார்த்துத் தன் தோளே நழுவிவிட்டால் அந்தப் பையன் கதி என்ன என்று பயந்து, காலை அகட்டி ஊன்றிக்கொண்டான்.

"என்ன செரர்காரா, கை வலிக்குதா?" என்றார் டாக்டர்.

வம்புதான் என்று நினைத்தான். "துக்குலேர்காரங்களச் சுமந்து பழகின கை. அதுக்கு வலியேது?"

"விளையாட்டு இல்ல, பிராம். நெசத்தச் சொல்லு. முடியலைன்னா நிறுத்திக்கறேன்."

இத்தனை வருஷத்தில் அவர் அவனைப் பேர் சொல்லி அழைத்ததில்லை.

"எரியுது" என்றான். "ஆனா நழுவாது டாக்டரம்மா. உள்ள இருக்கறது நீங்க போட்ட ஆணி."

டாக்டர் கருவியைச் சாய்த்து நிறுத்தினார். பிறகு துளைத்தார். ஆணி விளிம்பிலேயே எலும்புக்குள் முழுசாக இறங்கியது. நூலை இழுத்துப் பார்த்தார், அசையவில்லை. மற்ற ஆணிகள் சொன்ன பேச்சுக் கேட்டன.

எல்லாம் முடிந்து கை கழுவும்போது, "என் அடிமைக்கு இன்னிக்கு ரெண்டு தட்டு மீன்சோறு" என்றார் டாக்டர். இத்தனை வருஷ நன்றியை ஆபரேஷன் மேசையருகிலேயே சொல்லியாயிற்று, பிராமுக்கு மனசு நிறைந்திருந்தது.

உடை மாற்றும் அறைக்குப் போய், வியர்வையில் ஒட்டிக்கொண்ட சட்டையை இரண்டு கையையும் தூக்கித் தலைவழியாகத் தானே கழற்றினான்.