அங்கத்தவர்கள் மட்டும் கேட்கவும்

சண்டிலிப்பாயில் யாருடைய கணினி முரண்டு பிடித்தாலும் உதயகலாவைத்தான் கூப்பிடுவார்கள். நாற்பத்து நான்கு வயது. பதினாறு வருடம் ஓர் அச்சகத்தில் கல்யாண அழைப்பிதழும் மரண அறிவித்தலும் அடித்தவர். அச்சகம் மூடியபின் ஊர்ச் சனசமூக நிலையத்தில் சனி, ஞாயிறு கணினி வகுப்பு நடத்துகிறார். கோயிலுக்குப் போவதில்லை. ஏன் என்று கேட்டால், "எனக்கு அங்கை லொகின் இல்லை" என்பார்.

தெரியாத ஆள் அனுப்பும் இணைப்பைத் தொடாதே, இலவசமாகப் போன் தருகிறேன் என்றாலும் தொடாதே என்பது அவருடைய முதற்பாடம். கடவுச்சொல்லுக்குப் பிள்ளையின் பெயரையோ கடவுளின் பெயரையோ வைக்காதே என்பது அடுத்தது. இதில் வகுப்பு கொந்தளித்தது. பிள்ளையாரை விடவா பாதுகாப்பு என்று ஒருவர் கேட்டார். பிள்ளையாரை எல்லோருக்கும் தெரியும், அதுதான் சிக்கல் என்றார் உதயகலா.

நிலையத்தில் வைஃபை உண்டு. ரொறன்ரோவிலுள்ள ஊரவர்கள் போட்டுக் கொடுத்தது. கடவுச்சொல் அங்கத்தவர் குடும்பங்களுக்கு மட்டும். புகையிலைத் தோட்டத்துக்குப் பின்னால் ஒடுங்கிய தெருவாக ஓடும் ஒழுங்கையின் இருபத்திரண்டு வீட்டாருடைய அங்கத்துவ விண்ணப்பங்கள் பதினொரு வருடமாகப் பரிசீலனையில் இருக்கின்றன. காரணம் சாதி. ஆனால் தலைவர் தம்பிஐயா, ஓய்வுபெற்ற தபாலதிபர், அந்தச் சொல்லை வாயில் எடுக்கமாட்டார். பாதுகாப்பு என்பார், வைரஸ் வந்துவிடும் என்பார். எந்த ஒழுங்கையால் வருகிறோம் என்று வைரசுக்கு எப்படித் தெரியும் என்று உதயகலா கேட்டார். நிலையத்தை நடத்துகிறவர்களுடைய தகப்பன்மார் ஒழுங்கைச் சனத்தைக் கிணற்றில் தண்ணீர் அள்ளவிடாமல் தடுத்தபோது சுத்தம் என்றார்கள். காரணத்தின் பெயர் மட்டும் காலத்துக்கேற்ப மாறுகிறது.

அந்த ஒழுங்கையிலிருந்து, அங்கத்துவம் கேட்காத கணினி வகுப்புக்கு வருபவர் தயாளினி. முப்பத்தொரு வயது. உயர்தரப் பரீட்சையில் சித்தியடைந்தவர், வெங்காயத் தோட்டத்தில் கூலி வேலை. ஒரு நூலகத்தில் உதவியாளர் வேலைக்கு ஆள் கேட்டிருந்தார்கள். இணையத்தில் மட்டுமே விண்ணப்பிக்கலாம், வெள்ளிக்கிழமை மதியம் பன்னிரண்டு மணிக்கு முன். ஒழுங்கையில் சிக்னல் ஒரு கோடுதான். வியாழக்கிழமை முழுவதும் முயன்றும் சான்றிதழ் பாதி ஏறி நின்றுவிட்டது. கணினி அறை வார நாட்களில் பூட்டு.

அந்த வாரம் செயற்குழு கடவுச்சொல்லை மாற்றியது. ஒவ்வோர் அங்கத்தவருக்கும் போன் எடுப்பது கரைச்சல் என்று தம்பிஐயா ஒரு வழி கண்டார். வெள்ளிக்கிழமை காலைப் பூசை முடிந்ததும் கோயில் ஒலிபெருக்கியில், "அங்கத்தவர்கள் மட்டும் கேட்கவும்" என்று தொடங்கி, புதிய கடவுச்சொல்லை எழுத்தெழுத்தாக இரண்டு தரம் வாசித்தார். முருகனின் பெயரும் நூற்றெட்டும். அந்த ஒலிபெருக்கியின் வாயை ஒழுங்கைப் பக்கம் திருப்பிக் கட்டியவர்களும் இவர்கள்தான். உள்ளே விடாத சனத்துக்குப் பக்தியையாவது அனுப்புகிறார்களாம். அதனால் ஒழுங்கைக்குத் தெளிவாகவே கேட்டது.

பத்தேகாலுக்கு வைஃபை நத்தையாக ஊர்ந்தது. தம்பிஐயா நிலையத்திலிருந்து வெளியே எட்டிப் பார்த்தார். எதிரே மதகுக் கட்டில் தயாளினி, கையில் போனோடு. உடனே உதயகலாவைக் கூப்பிட்டு, அவளுடைய இணைப்பை வெட்டிவிடச் சொன்னார்.

உதயகலா மடிகணினியோடு வந்து, இணைப்பிலிருக்கும் கருவிகளின் பட்டியலைத் திறந்து திரையை அவர் பக்கம் திருப்பினார். முப்பத்தொன்று இருந்தன.

"ஐயா, இதிலை எது ஒழுங்கை எண்டு காட்டுங்கோ. வெட்டிவிடுறன்."

தம்பிஐயா கண்ணாடியைப் போட்டுப் பார்த்தார். எழுத்துகளும் இலக்கங்களும்தான் தெரிந்தன. சாதியைக் காட்ட ஒரு நிரல் இல்லை.

"அப்ப பாஸ்வேர்டையே மாத்து பிள்ளை. இப்பவே."

மாற்றினால் எல்லா இணைப்பும் அறுந்துவிடும், தயாளினியின் விண்ணப்பமும் விழுந்துவிடும். உதயகலா சுவர் மணிக்கூட்டைப் பார்த்தார். பத்து முப்பத்திரண்டு.

"மாத்தலாம் ஐயா. ஆனால் இண்டைக்கு வெள்ளிக்கிழமை. இப்பத்தான் இராகுகாலம் தொடங்கினது."

தம்பிஐயா மணிக்கூட்டைப் பார்த்தார். பிறகு கதிரையை இழுத்து உட்கார்ந்தார். "பன்னிரண்டு அடிக்கட்டும்," என்றார்.

உதயகலா மதகுக்குப் போனார்.

"ரீச்சர், உது களவோ?"

"ஊரைக் கூப்பிட்டுச் சொன்னதைக் கேட்டது களவெண்டால், விடிய அஞ்சு மணித் தேவாரத்தைக் கேட்டதும் களவுதான். நீர் அனுப்பும்."

தயாளினி தன் மின்னஞ்சல் கடவுச்சொல்லை அடிக்கத் தொடங்கியதும் உதயகலா முகத்தைத் திருப்பிப் புகையிலையைப் பார்த்துக்கொண்டு நின்றார். பதினொன்று நாற்பத்தொன்றுக்கு விண்ணப்பம் போய், பதிவிலக்கமும் வந்தது.

பன்னிரண்டுக்குச் சொன்னபடியே கடவுச்சொல்லை மாற்றினார், இந்தத் தரம் எந்தக் கடவுளையும் சேர்க்காமல். அதோடு, செயற்குழுவிடம் மூன்று மாதமாகத் தான் கேட்டுக்கொண்டிருந்த, மாணவர்களுக்கான தனி இணைப்பையும் திறந்துவிட்டார். தீர்மானம் நிறைவேற்றாமல் எப்படித் திறக்கலாம் என்று செயற்குழு இன்னும் முறுகுகிறது.

பகுத்தறிவு பேசுகிறவர் இராகுகாலத்தைத் துணைக்குக் கூப்பிடலாமா என்று, அவரிடம் கணினி படிக்கும் நான் அவரோடு சண்டை பிடித்தேன்.

"அந்த மோட்டுத்தனத்தை வளர்க்கிறது தம்பிஐயா. ஒண்டரை மணித்தியாலம் நான் இரவல் வாங்கினன், அவ்வளவுதான்," என்றார்.

எனக்கு இன்னும் முழுச் சம்மதமில்லை. நூலகத்திலிருந்து தயாளினிக்கு அழைப்பு வந்திருக்கிறது; நேர்முகத் தேர்வு வரும் பதினெட்டாம் திகதி. அன்றைக்கு வெங்காயம் கிண்ட வரமாட்டேன் என்று தயாளினி தோட்டக்காரருக்குச் சொல்லிவிட்டார்.